மலாயா வானொலியும் வீட்டுப் பட்டறைகளும்

வானொலியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஒரு கட்டடத்தின் திறப்பு விழாவிலிருந்தே தொடங்குவர். மலாயாவைப் பற்றி எழுதுவோர்க்கு 1937-ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் நாள் மிகவும் உகந்த நாளாக அமைந்துவிட்டது. அன்றுதான் ஆளுநர் சர் ஷெண்டன் தாமஸ் சிங்கப்பூரில் கால்டிகாட் குன்றின்மேல் பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகத்தின் நிலையத்தைத் திறந்து வைத்தார். அதற்குப் பின் வந்தவை அனைத்தும் கோப்புகளில் ஒழுங்காகப் பதிவாகியுள்ளன. அதற்கு முந்திய பதினாறு ஆண்டுகளோ, நூல்களில் இரண்டு மூன்று வரிகளுக்குள் அடங்கிப் போகின்றன. அந்த இரண்டு மூன்று வரிகளுக்கு உரியவர்கள் யார் என்பதையும், அவர்கள் வீட்டு மேசைகளின்மேல் என்ன செய்துகொண்டிருந்தனர் என்பதையும் ஆராய்வது பயனற்ற வேலையன்று. ஏனெனில் இந்நாட்டு வானொலி அரசினர் கொடுத்த கொடையன்று. ஓய்வு நேரத்தில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தவர்களின் கைவேலை.

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், ஆறுகளும் கடலும் சூழ்ந்த பத்து காவான் நிலத்தில் நிற்பவர்க்கு இவ்வாராய்ச்சி சற்றே விந்தையாகத் தோன்றக்கூடும். ஒரு காலத்தில் கரும்பும், பின்னர்த் தென்னையும் இரப்பரும் செம்பனையும் கண்ட அந்நிலத்தில் இன்று மின்னணுத் தொழிற்சாலைகள் நிற்கின்றன. 2014 மார்ச் முதல் நாள் திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலம் அதனைத் தீவின் பத்து மாவுங்கோடு இணைக்கிறது. 1972-இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியது முதல் உலகத்தின் வானொலிகளுக்கும் கணினிகளுக்கும் வேண்டிய உறுப்புகள் பினாங்கில் கோடிக்கணக்கில் கோக்கப்பட்டு வந்துள்ளன. ஆனால் அவ்வுறுப்புகளைக் கொண்டு தன் வீட்டில் தானே ஒரு கருவியைச் செய்து பார்க்கும் பழக்கம், தொழிற்சாலை ஒன்றுகூட இல்லாத காலத்தில்தான் இங்கு வேரூன்றியிருந்தது!

1921-ஆம் ஆண்டில் ஜொகூர் அரசாங்கத்தில் மின்பொறியாளராக இருந்த ஏ. எல். பர்ச் என்பவர் இந்நாட்டுக்கு முதல் வானொலிக் கருவியைக் கொண்டுவந்தார் என்பது ஒலிபரப்புத் துறையினரே ஒப்புக்கொண்ட செய்தி. அவர் ஜொகூரில் கம்பியில்லாச் சங்கம் ஒன்றை நிறுவி, 300 மீட்டர் அலையில் ஒலிபரப்பத் தொடங்கினார். அதைப் பின்பற்றிப் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அத்தகைய சங்கங்கள் எழுந்தன. 1930-இல் சிங்கப்பூர்த் துறைமுக அலுவலர் ஒருவர் இரண்டு வாரத்திற்கு ஒரு முறை, ஞாயிறு அல்லது புதன்கிழமைகளில், சிற்றலையில் ஒலிபரப்பினார். கோலாலம்பூர்ச் சங்கத்தார் புக்கிட் பெட்டாலிங்கிலிருந்து 325 மீட்டர் அலையைப் பயன்படுத்தினர். பினாங்குச் சங்கம் 1934-இல் இசட்-எச்-ஜே என்ற அழைப்புக் குறியுடன் தன் சொந்த நிலையத்தையே நடத்தத் தொடங்கியது. இவை எவையும் அரசாங்கத் துறைகள் அல்ல என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். உறுப்பினர் கொடுத்த சந்தாவும், உறுப்பினரின் உழைப்புமே இவற்றுக்கு முதலாக இருந்தன.

இனி, அக்காலத்தில் ஒரு கருவியைத் தானே செய்வது என்றால் என்ன பொருள் என்பதைச் சற்று விரிவாகவே காண்போம். இன்றைய மாணவர் கைப்பேசியின் மூடியைத் திறந்தாலும் உள்ளே கண்டறிவதற்கு ஒன்றுமில்லை. 1920-களின் கருவியோ எல்லாவற்றையும் வெளியே காட்டிக்கொண்டு நின்றது.

மிக எளியது படிகக் கருவி. அதற்கு மின்கலமே தேவையில்லை. ஓர் அட்டைக் குழாயின்மேல் நூல் சுற்றிய செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றினால் ஒரு சுருள் கிடைக்கும். அதனோடு ஒரு மாறு மின்தேக்கியை இணைத்தால், பல அலைகளுள் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளும் வாயில் அமைந்துவிடும். வெளியே இரண்டு தென்னை மரங்களுக்கு இடையே நூறடி நீளத்துக்குக் கட்டிய வான்கம்பி அலையைப் பிடிக்கும். ஈரமண்ணிற் புதைத்த உலோகத் தகடு மறுமுனையாகும். இப்படிப் பிடித்த மின்னோட்டம் வினாடிக்குப் பல இலட்சம் முறை முன்னும் பின்னும் ஆடுவதால், அது காதுக்கருவியின் தகட்டை அசைக்காது. அதனை ஒரே பக்கமாக ஓடச் செய்ய வேண்டும். இந்த வேலையைச் செய்வதுதான் கலேனா என்னும் ஈயக் கந்தகக் கல். அக்கல்லின் முகத்தில் ஒரு மெல்லிய கம்பியின் நுனியை வைத்துத் தடவித் தடவி, எந்த இடத்தில் ஓசை கேட்கிறதோ அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். அக்கம்பியைப் பூனைமீசை என்று அழைத்தனர். மேசையை ஒருவர் தட்டிவிட்டால் போதும். இடம் தவறிப் பாட்டு நின்றுவிடும். மீண்டும் தடவ வேண்டியதுதான்.

கலேனாவின் இக்குணத்தைப் பயன்படுத்தி அலையைக் கண்டறியும் கருவிக்கு 1901-இல் விண்ணப்பித்து 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் கல்கத்தாவின் ஜகதீஷ் சந்திர போஸ் என்பதைத் தமிழாசிரியர்கள் வகுப்பில் சொல்லலாம். வானொலி என்றவுடன் மார்க்கோனியின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்விக்கும் பாடநூல்களில் அச்செய்திக்கு இன்னும் போதிய இடம் கிடைக்கவில்லை.

படிகக் கருவிக்கு ஒரு குறை உண்டு. அதன் ஓசைக்கு வேண்டிய ஆற்றல் முழுவதும் வந்த அலையிலிருந்தே கிடைக்க வேண்டும். ஆகவே நிலையம் அருகில் இருந்தாலன்றி அது ஊமையாகிவிடும். இலண்டனிலும் சென்னையிலும் அது செழித்ததற்கும், மலாயாவில் அவ்வளவாகப் பரவாமற் போனதற்கும் காரணம் இதுவே. ஒலிபரப்பும் இடங்கள் இரண்டு மூன்றுக்கு மேல் இல்லாத நாட்டில், காட்டுக்கும் மலைக்கும் அப்பால் இருப்பவர்க்கு வால்வு வேண்டியிருந்தது.

வால்வுக் கருவியிலும் கைவேலைக்காரர்கள் விரும்பியது ஆர்ம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்க மாணவர் 1912-இல் கண்டறிந்த மீளூட்டு முறை. வால்விலிருந்து வெளிவரும் மின்னோட்டத்தில் ஒரு பகுதியை இன்னொரு சிறு சுருளின் வழியே வந்த வழிக்கே திருப்பிவிட்டால், அது மீண்டும் பெருகும். ஒரே வால்வு பல வால்வுகளின் வேலையைச் செய்யும். எரிந்து போன வால்வின் அடிப்பாகத்தையே எடுத்து அதன்மேற் சுருளைச் சுற்றி, அலைக்கேற்ப மாற்றி மாற்றிச் செருகிக்கொள்வது வழக்கம். புகையிலைத் தகரப்பெட்டி கருவியின் உடலாகும். ஆனால் மீளூட்டு அளவு கடந்தால் கருவி ஊளையிடும். ஊளையிடுவதோடு நில்லாமல், தானே ஒரு சிறு ஒலிபரப்பியாக மாறி, அண்டை வீட்டார் கேட்டுக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியையும் கெடுத்துவிடும். கேட்கும் கருவிக்கும் அனுப்பும் கருவிக்கும் உள்ள தூரம் ஒரு திருகின் அரைச் சுற்றுத்தான் என்பதை அக்காலத்து இளைஞர்கள் அண்டை வீட்டாரின் வசையினாலேயே கற்றுக்கொண்டனர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இங்கே பொருந்தும்.

ஆயினும் இக்கல்வி எல்லோர்க்கும் கிட்டவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1920-களின் இறுதியில் தோட்டத்தில் வேலை செய்த தமிழ் ஆண் தொழிலாளியின் நாட்கூலி 50 காசு. 1930-இன் விலை வீழ்ச்சியில் அதுவும் குறைக்கப்பட்டது. ஒரு வால்வு வாங்கப் பல நாட்கூலி வேண்டும். சங்கத்தில் இருந்தோர் பெரும்பாலும் ஐரோப்பியப் பொறியாளர்கள், தந்தி அலுவலர்கள், ஆங்கிலம் படித்த நகரத்தார். தமிழர் வானொலிக்குள் நுழைந்தபோது பாடகராகவும் அறிவிப்பாளராகவும் நாடக ஆசிரியராகவும் நுழைந்தனர். நம் வரலாறுகளும் அக்குரல்களையே போற்றுகின்றன. ஈயப்பற்று வைத்த கையைப் பற்றிய குறிப்பு அரிதாகவே கிடைக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சென்னையில் ஒரு தமிழகத்துப் பொறியாளரே இவ்வேலைக்கு முதல்வராக நின்றார். இங்கிலாந்தில் மின்பொறியியல் கற்றுத் திரும்பிய சி. வி. கிருஷ்ணசாமி செட்டி, வரும்போதே ஒலிபரப்பிக்கு வேண்டிய உறுப்புகளைக் கொண்டுவந்து, தம் கையாலேயே 40 வாட் ஆற்றலுள்ள கருவியைச் செய்தார். 40 வாட் என்பது ஒரு சிறு மின்விளக்கு எரிவதற்கு வேண்டிய அளவுதான். 1924 மே 16-இல் அவர் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. அதே ஆண்டு ஜூலை 31-இல் ஒலிபரப்பு தொடங்கியது. மாலைதோறும் இசையும் சொற்பொழிவும் சென்னைக்குக் கேட்டன. பம்பாயில் அரசு உரிமம் பெற்ற இந்திய ஒலிபரப்புக் கம்பெனி 1927 ஜூலையில்தான் பிறந்தது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பணமுடையால் 1927-இல் கழகம் ஓய்ந்தது. அதன் கருவி சென்னை நகராண்மைக் கழகத்துக்குச் சென்றது. நகராண்மைக் கழகம் 1930 ஏப்ரல் முதல் நாளிலிருந்து அவ்வொலிபரப்பைத் தொடர்ந்து நடத்தியது. மெரினா போன்ற பொது இடங்களில் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. கருவி வாங்க வழியற்றவரும் கேட்டனர். அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-இல் திறக்கப்படும் வரையில் இதுவே சென்னையின் வானொலி.

இலங்கையின் கதையும் இதற்கு மிக நெருங்கியதே. தந்தித் துறைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர் 1923-இல், போரிற் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கியின் வானொலி உறுப்புகளைக் கொண்டு ஓர் ஒலிபரப்பியைக் கட்டி, கொழும்புத் தந்தி நிலையத்தின் சிற்றறை ஒன்றிலிருந்து இசைத்தட்டுகளை ஒலிபரப்பினார். 1925 டிசம்பர் 16-இல் அங்கு முறையான ஒலிபரப்பைத் தொடங்கி வைத்த ஆளுநர் சர் ஹியூ கிளிஃபோர்டு. அவரே இரண்டாண்டுக்குப் பின் மலாயாவுக்கு ஆளுநராக வந்தார். கொழும்பிற் செய்ததை இங்கே அரசு செய்யவில்லை, செய்ததெல்லாம் சங்கங்களே.

சிற்றலையைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். 200 மீட்டருக்குக் குறைந்த அலைகள் பயனற்றவை என்று எண்ணி, அமெரிக்க அரசாங்கம் 1912-இல் பொழுதுபோக்குக்காரர்களை அங்கே ஒதுக்கி வைத்தது. பயனற்றது என்று தள்ளிய அந்நிலமே பொன் விளையும் பூமியாயிற்று. அவ்வலைகள் வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பிக் கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் என்பதை அவர்களே கண்டறிந்தனர். 1924 அக்டோபர் 18-இல் நியூசிலாந்தின் ஷாக் பள்ளத்தாக்கில் ஓர் ஆட்டுப்பண்ணையிலிருந்து பிராங்க் பெல் என்ற இளைஞர் அனுப்பிய குறிகளுக்கு, இலண்டன் மில்ஹில் பள்ளியிலிருந்து செசில் கோய்டர் என்ற மாணவர் விடையளித்தார். உலகத்தின் இரு கோடிகளுக்கிடையே நடந்த முதல் இருவழித் தொடர்பு அது. பள்ளிக்கூடக் கருவி ஒன்றினால் நடந்தது என்பது ஆசிரியர்கள் கவனிக்கத்தக்கது. அந்த மாணவர் கோய்டரே 1936-இல் அனைத்திந்திய வானொலியின் தலைமைப் பொறியாளராக வந்து பத்தாண்டுக் காலம் பணிபுரிந்தார். அவர் காலத்திலேதான் இந்தியாவின் சிற்றலை நிலையங்கள் எழுந்தன. இடி மின்னல் இரைச்சலால் நடுத்தர அலை கெடும் நம் வெப்ப மண்டலத்துக்குச் சிற்றலை எவ்வளவு ஏற்றது என்பதைப் பினாங்குச் சங்கத்தாரும் அறிந்திருந்தனர்.

1939-இல் போர் மூண்டதும் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் பொழுதுபோக்கு ஒலிபரப்பு உரிமங்கள் நிறுத்தப்பட்டன. இரண்டே ஆண்டில் போர் பினாங்குக்கே வந்தது. 1941 டிசம்பர் 11-இல் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன் மீது கடுமையாகக் குண்டு வீசின. மாத நடுவில் ஆங்கிலேய அதிகாரிகளும் ஐரோப்பியக் குடும்பங்களும் இரவோடிரவாகத் தீவை விட்டு நீங்கினர். ஏனைய மக்களுக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. அரசாங்கம் இல்லாத ஊரை ஒழுங்குபடுத்த ஒரு குழுவை அமைத்தவர், ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ இதழின் ஆசிரியரான இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து. அவர் கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். ஊரைக் காக்கப் படை ஏதும் இல்லை, குண்டு வீச வேண்டுவதில்லை என்ற செய்தி பினாங்கிலிருந்து வானொலி வழியே ஜப்பானியருக்கு அனுப்பப்பட்டது. 19-ஆம் நாள் அவர்கள் தீவினுள் நுழைந்தனர்.

ஓடியவர்கள் நிலையத்தை அழிக்காமற் சென்றிருந்தனர். பட்டாளத்தார் பின்னாளில் இதனைப் பெருந்தவறு என்று எழுதினர். அவர்கள் நோக்கில் அது சரியே. ஜப்பானியர் அதே நிலையத்திலிருந்து சிங்கப்பூரை விளித்து, எங்கள் குண்டுவீச்சு எப்படி என்று ஏளனம் செய்தனர். ஆனால் கைவிடப்பட்ட ஊராருக்கு அந்நாள்களில் தம் நிலையை வெளியே சொல்ல வாயிருந்தது என்றால், அதுவும் வானொலி அழியாதிருந்ததாலேதான். இவ்விரண்டு உண்மைகளில் ஒன்றை மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

ஆக்கிரமிப்புக் காலத்தில் மக்களிடமிருந்த கருவிகள் பதிவு செய்யப்பட்டு, சிற்றலை கேட்கும் உறுப்பு அகற்றப்பட்டது. அயல்நாட்டுச் செய்தி கேட்பது உயிர்போகும் குற்றம். அகற்றியதை மீண்டும் பொருத்தத் தெரிந்தவர் அந்நாளில் எவ்வளவு வேண்டப்பட்டவர், எவ்வளவு ஆபத்தில் இருந்தவர் என்பதை எண்ணிப் பார்க்கலாம். சாங்கிச் சிறைமுகாமில் கைதிகள் துடைப்பத்தின் தலைக்குள்ளேயும் கருவியை ஒளித்து வைத்திருந்தனர். 1943 அக்டோபர் 10-இல் ஜப்பானிய இராணுவப் போலீசார் அங்கு சோதனையிட்டு 57 பேரைப் பிடித்துச் சென்றனர். சித்திரவதையில் 15 பேர் மாண்டனர். துறைமுகக் கப்பல்களைத் தகர்த்தோர்க்கு வானொலியால் உதவினர் என்பது ஐயம். உண்மையில் அவர்கள் செய்ததெல்லாம் செய்தி கேட்டதே.

பினாங்கில் வளர்ந்தவரான சிபில் கார்த்திகேசுவின் வரலாறும் இதனோடு சேர்ந்தது. அவர் கணவர் டாக்டர் கார்த்திகேசு இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் ஆறுமுகம் கணபதிப் பிள்ளையாகப் பிறந்து கிறிஸ்தவரானவர். ஈப்போவில் மருத்துவ நிலையம் நடத்திய இருவரும் போர் வந்ததும் பாப்பான் என்ற சிற்றூருக்குப் பெயர்ந்தனர். அங்கு மறைந்திருந்த எதிர்ப்புப் படையினருக்கு மருந்திட்டதோடு, ஒளித்து வைத்த சிற்றலைக் கருவியில் பி.பி.சி. செய்தியையும் கேட்டுச் சொன்னார் சிபில். அக்கருவிக்கு ஜோசபின் என்று பெயரிட்டிருந்தார்கள். ஜோசபின் என்ன சொன்னாள் என்று கேட்டால் அயலார்க்கு ஐயம் எழாதல்லவா? 1943-இல் அவர் பிடிபட்டார். மகளைத் தீயின்மேல் கட்டித் தொங்கவிட்டு மிரட்டியும் அவர் வாய் திறக்கவில்லை. விடுதலைக்குப் பின் ஜார்ஜ் பதக்கம் பெற்றார். பட்ட காயங்களின் விளைவால் 1948 ஜூன் 12-இல் மறைந்தார்.

அமைதி திரும்பியபின், 1946 ஏப்ரலில் மலாயா வானொலி அரசுத் துறையாகத் தொடங்கியது. அவசரகாலத்தில் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் பொதுக் கருவிகள் கொடுக்கப்பட்டன; ஆயக்கொட்டகை முன் கூடிக் கேட்ட தலைமுறை அப்போதுதான் உருவாயிற்று. கேட்பது எளிதானபின் செய்வது குறைந்தது. ஆயினும் அடியோடு அற்றுப் போகவில்லை. போரில் மிஞ்சிய இராணுவக் கருவிகள் பழைய பொருட் கடைகளுக்கு வந்தன. 1952-இல் மலாயாவின் அமெச்சூர் வானொலிக்காரர்கள் மார்ட்ஸ் எனப்படும் சங்கத்தை அமைத்தனர். விடுதலைக்கு முன் வி-எஸ்-2 என்று தொடங்கிய அவர்களின் அழைப்புக் குறி, பின்னர் 9-எம்-2 ஆயிற்று. தேர்வெழுதி உரிமம் பெற்றவர்க்கே அனுப்பும் உரிமை உண்டு. கேட்பதோடு நில்லாமல் மின்சுற்றின் இயல்பையும் அவர் அறிந்திருக்க வேண்டும் என்பதே அத்தேர்வின் கருத்து.

இக்கைவேலை வெறும் விளையாட்டு என்று எண்ணுவோர்க்கு 2004 டிசம்பர் 26-ஐ நினைவூட்டலாம். பினாங்கிலும் 52 உயிர்களைக் கொண்ட ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது தொலைபேசியும் மின்சாரமும் அற்றுப்போயின. அமெச்சூர் ஒலிபரப்புக்காக அம்மாதத் தொடக்கத்திலேயே போர்ட் பிளேருக்கு வந்திருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணியும் அவர் குழுவினருமே வெளியுலகோடு பேசும் வழியாக நின்றனர்.

இன்று விலைக்கு வாங்கும் கருவிகள் மலிந்துவிட்டமையால் தானே செய்வோர் தொகை அருகியுள்ளது. ஆனாலும் ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் 2003-ஐ ஒட்டி வகுத்து வெளியிட்ட பிட்-எக்ஸ் என்னும் கருவி, உலகெங்கும் பலரை மீண்டும் ஈயப்பற்றுக் கோலை எடுக்கச் செய்திருக்கிறது. ஒரே மின்சுற்று கேட்பதற்கும் அனுப்புவதற்கும் இருவழியாகப் பயன்படுமாறு அதனை அமைத்தார். சுருள் சுற்றுவதற்குத் தனி உறுப்பு கிடைக்காத ஊரில் இருப்போர் என்ன செய்வர் என்று எண்ணி, அவர் அதற்குத் தேர்ந்தெடுத்தது தண்ணீர்க் குழாய்த் திருகில் இடும் வாசர் வளையம். எந்தச் சில்லறைக் கடையிலும் சில காசுகளுக்குக் கிடைப்பது அது.